வழியெல்லாம் நண்பர்கள் வீடு: சர்க்கரை உள்ளவர் பூனாவிலிருந்து நெல்லைக்குக் காரில் வரலாமா?

வாசகியின் கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். 33 வருடமாகப் பூனாவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 64, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு 59. மாசியில் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்கே வந்துவிடுகிறோம். சாமான்கள் லாரியில் வரும். நாங்கள் காரில்தான் வர வேண்டும் என்கிறார். வழியில் கோலாப்பூர், ஹூப்ளி, தாவணகெரே, பெங்களூரு, சேலம் என்று ஐந்து ஊரிலும் பழைய நண்பர்கள் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். லாரி ஐந்தாம் நாள் சாமான் இறக்கும், அதற்கு முன் நான்கே நாளில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மகன் விமானத்தில் போகச் சொல்கிறான்.

இவருக்கு 14 வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் ஒரு இன்சுலின் ஊசி, பிரஷருக்கு அம்லோடிபின். எனக்கு முழங்கால் தேய்மானம். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, பூனாவுக்குள் ஓட்டுவேன், ஹைவேயில் இவர் தர மாட்டார்.

இன்னொன்று. ஹூப்ளி நண்பர் இவரோடு இருபது வருடம் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். ஒன்றரை வருடம் முன் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "அவனை அப்படிப் பார்க்க எனக்கு மனசு வரல, ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே போயிடுவோம்" என்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

காரிலேயே வாருங்கள். உங்கள் மகன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் பயப்பட வேண்டியது அந்த நான்கு நாள் கணக்கைப் பார்த்துத்தான். பூனாவிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். நான்கு நாளில் முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு நண்பர் வீட்டிலும் சாப்பிட்ட கையோடு காரில் ஏறியாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையும் ஊசியும் எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டும் ஒருவருக்கு அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

இதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் முன் என் சித்தப்பாவும் சித்தியும் பெங்களூரிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போகும் வழியில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். வெகு நாள் கழித்து வந்தவர்கள் என்று வடை, பாயசத்தோடு இலை போட்டோம். சித்தப்பாவுக்கு மூன்றாவது முறை சோறு வைத்தது நான்தான். மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். நாங்குநேரிப் பக்கம் கார் நடுத்தடுப்பில் ஏறிவிட்டது. சித்திக்கு மணிக்கட்டு முறிந்தது, சித்தப்பாவுக்கு நெற்றியில் ஏழு தையல். "கண்ணை மூடினதே தெரியலப்பா" என்றார் ஆஸ்பத்திரியில். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால் கார் கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாகப் போய்விடுகிறது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பு இயல்பாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். அதன் மேல் கனத்த சாப்பாடும் சேர்ந்துவிட்டது. நான் மருத்துவன், எனக்கு இது தெரியும், தெரிந்தும் வாசலில் நின்று கையசைத்து அனுப்பி வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்ட யாரையும் ஐந்து மணிக்கு முன் ஸ்டியரிங்கைத் தொட விடுவதில்லை.

அதனால் உங்கள் பயணத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு நண்பர், இரவு அந்த ஊரிலேயே. காலையில் மட்டும் வண்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன் அடுத்த வாசலில். முதல் நாள் கோலாப்பூர், 230 கிலோமீட்டர். அடுத்த நாள் ஹூப்ளி, சுமார் 210. அங்கே ஒரு நாள் முழுதாகத் தங்குங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். அப்புறம் தாவணகெரே 150 கிலோமீட்டர்தான். தாவணகெரேயிலிருந்து பெங்களூரு 265, அதுதான் இருப்பதிலேயே நீளம், ஊருக்குள் நெரிசலும் சேரும், ஆகவே பெங்களூரில் ஒரு நாள் ஓய்வு. பிறகு சேலம் 200. சேலத்திலிருந்து ஒரே மூச்சில் வீட்டுக்கு வந்துவிடத் தோன்றும். அது 400 கிலோமீட்டர், வேண்டாம். மதுரையில் ஓர் இரவு விடுதியில் தங்குங்கள். இப்படி ஒன்பது நாள் ஆகும். லாரிக்காக ஓட வேண்டாம். தம்பியோ மச்சானோ ஒருவர் சாவி வாங்கிச் சாமானை இறக்கி வைக்கட்டும். பெட்டிகள் நான்கு நாள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

நம் ஆட்களுக்கு "விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பிட்டா ரோடு காலியா இருக்கும்" என்று ஒரு பழக்கம். ரோடு காலியாக இருக்கும், கண்ணும் அந்த நேரத்தில்தான் சொருகும். இரவு இரண்டிலிருந்து ஆறு வரை ஓட்டவே வேண்டாம். பூனாவிலிருந்து பெங்களூரு வரை சாலை பெரும்பாலும் தென்கிழக்காகப் போகிறது. மாசி மாதத்தில் ஏழு மணி வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். 64 வயதுக் கண்ணில் புரை லேசாகத் தொடங்கியிருந்தாலும் அந்தக் கூச்சத்தில் முன்னால் போகும் சைக்கிள்காரர் தெரியமாட்டார். கிளம்புவதற்கு முன் ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளட்டும். நண்பர் வீட்டிலேயே குளித்து, மாத்திரை போட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புவதுதான் எல்லாவற்றுக்கும் பொருந்திவருகிறது.

இனி மாத்திரை விஷயம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்து போகும் பயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டவர், நண்பர் வீட்டில் பேச்சு சுவாரசியத்தில் மதியச் சாப்பாடு மூன்று மணியாகிவிட்டால், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வியர்த்து நடுங்கிப் போகலாம். அதுவே ஸ்டியரிங்குக்கு முன்னால் நடந்தால்?

குளுக்கோமீட்டரைக் கைக்கெட்டும் பையில் வையுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 70க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. நீங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவர், உங்களுக்கு மீட்டருக்கு முன்பே தெரியும்: சாதாரணமாகச் சொன்ன வார்த்தைக்கு எரிந்து விழுவார், பதில் சொல்ல நேரமெடுப்பார், வண்டி கோட்டை விட்டு மெல்ல விலகும், மேலுதட்டில் வியர்வை பொடிக்கும். உடனே ஓரங்கட்டச் சொல்லி எஞ்சினை அணையுங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பேடா, சாக்லேட்டு இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேர்க்கும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு பழமோ சாப்பிடட்டும். மீட்டரில் எண் சரியாகிவிட்டது என்று உடனே சாவியைத் திருப்பக் கூடாது. சர்க்கரை ஏறினாலும் மூளை தெளிய இன்னும் நேரமாகும், முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள்.

தயக்கமில்லாமல் இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பழைய ஷிஃப்ட் நண்பர்கள் கூடினால் இரவில் பாட்டில் திறப்பதும் நடக்கும். சர்க்கரை தாழும்போது ஈரல்தான் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறது, மது அந்தக் கதவை அடைத்துவிடும். இரவு ஊசியும் உள்ளே இருக்கும்போது, சர்க்கரை தூக்கத்தில் தாழ்ந்து காலை வரையும் இழுக்கலாம். போதையென்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஒன்பது நாளும் அது வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

விருந்தைப் பற்றி நீங்கள்தான் ஒரு வேலை செய்ய வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு போன். "அக்கா, ஒரு மணிக்குள்ள சாப்பாடு வச்சிருங்க, இவருக்கு மாத்திரை இருக்கு." இந்த ஒரு வரி போதும். என்ன சமைக்க வேண்டாம் என்று பட்டியல் கொடுத்தால் அவர்கள் மனம் சுருங்கிப் போகும், நேரம் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. கோலாப்பூரில் தாம்ப்டா ரஸ்ஸா என்ற காரமான சிவப்புக் கறிக்குழம்பை ஊற்றாமல் விடமாட்டார்கள், ஒரு கிண்ணத்தோடு நிறுத்தட்டும். மறுநாள் வயிறு கலங்கினால் ஹைவேயில் கஷ்டம் உங்கள் இருவருக்கும்தான். தாவணகெரே போய் வெண்ணெய் தோசை சாப்பிடாமல் வா என்று சொல்ல எனக்கே மனமில்லை. போய்ச் சேர்ந்த அன்று மாலையில் ஒன்று, பிறகு நண்பரோடு நடை.

மருந்துகள், சீட்டுகள், பழைய ரிப்போர்ட்டுகள் எதையும் லாரிச் சாமானோடு கட்டிவிடாதீர்கள். இது நான் அடிக்கடி பார்ப்பது: ஊர் மாறி வந்தவர்கள் "எல்லாம் எந்தப் பெட்டியில இருக்குன்னு தெரியல டாக்டர்" என்று வெறுங்கையோடு வந்து உட்காருவார்கள். பதினைந்து நாள் மருந்து கைப்பையில் இருக்கட்டும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூடிய கார் 35 டிகிரி வெயிலில் நின்றால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 50ஐத் தொட்டுவிடும். சாப்பிட இறங்கும்போதும் பேனாவும் குளுக்கோமீட்டரின் ஸ்டிரிப் டப்பியும் உங்களோடு இறங்கட்டும். நண்பர் வீட்டுக்குப் போனதும் பேனாவை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிட்டு, கிளம்பும்போது மறக்காமல் இருக்கக் கார் சாவியையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு வருகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும், இருவருமே. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. கார், பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு இரண்டு கணுக்காலும் கொஞ்சம் வீங்குவது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் அதே எண்தான். வண்டி பழுதானால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

காரை விட்டு இறங்கும்போது ஒரு காலை ஊன்றி உடம்பைத் திருகாதீர்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பி, பாதம் இரண்டும் தரையில் பட்ட பிறகு எழுங்கள். அப்புறம், வழியில் கழிப்பறை நன்றாக இருக்காதே என்று தண்ணீரைக் குறைப்பது பெண்கள் எல்லோரும் செய்வது. சிறுநீர்த் தொற்றோடு சொந்த ஊருக்கு வந்து சேராதீர்கள். பெட்ரோல் பங்க் எதுவும் வாய்க்காவிட்டால் பெரிய உணவகத்தில் ஒரு டீ சொல்லிவிட்டுப் போய் வாருங்கள்.

உங்களுக்கும் ஸ்டியரிங்கைத் தர வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். பிரேக்கை வேகமாக அழுத்தும்போது முட்டி வலிக்கவில்லை என்றால் ஓட்டலாம். கிளம்புவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சதாரா பக்கம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்கள். பயணத்தில் ஹூப்ளி–தாவணகெரே துண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சர்க்கரை தாழ்ந்து ஓரங்கட்டிய நேரத்தில் ஓட்ட இன்னொரு ஆள் காரில் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. இதை உங்கள் திறமை பற்றிய வாதமாக ஆக்காமல், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டாகக் காட்டுங்கள். தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தை மட்டும் அவரே ஓட்டட்டும். கியரைக் குறைத்து, லாரிகளுக்கு இடம் விட்டு இறங்க வேண்டிய இடம் அது, நியூட்ரலில் ஒருபோதும் இறங்கக் கூடாது.

சரி, ஹூப்ளி.

உங்கள் கடிதத்தில் இந்தப் பத்தியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் வீட்டுக்காரர் கல்நெஞ்சர் இல்லை, பயந்திருக்கிறார். அதே வயது, அதே வேலை, அதே கேன்டீன் சாப்பாடு, அவருக்கு வந்தது தனக்கும் வரலாமே என்ற பயம். "என்ன பேசுவது" என்ற பயமும்கூட. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருந்தால், அடைப்பு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில். அங்கேதான் மொழி இருக்கிறது. போனது சொல், ஆள் போகவில்லை. இருபது வருடம் பக்கத்து மெஷினில் நின்றவனை அவருக்குத் தெரியும். பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்வார், ஆனால் சொல்ல வருவது வாய்க்கு வராது, வந்தாலும் வேறு சொல் வரும். டிவியை அணைத்துவிட்டு, அவருடைய இடது பக்கமாக உட்காருங்கள். வலது பக்கம் பார்வையும் குறைந்திருக்கலாம். இடது கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பாசத்தில் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள், விழுந்த கையின் தோள்மூட்டு எளிதில் விலகி வலிக்கும். இருவரும் இத்தனை வருடம் ஹிந்தியில் பேசினார்களா, மராட்டியிலா, அதிலேயே பேசட்டும். ஆமாம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்கட்டும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். அந்த அமைதி தாங்காமல் நாமே பேசி நிரப்பிவிடுவோம், அவர் திரட்டி வைத்த சொல் அங்கேயே உதிர்ந்துபோகும். புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம், "காட்டு" என்று சொல்லலாம். ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் நிற்கும் பழைய போட்டோ ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டுவார். பேச வராதவர்களுக்குக்கூட மனப்பாடமான பஜனையும் பழைய பாட்டும் சில சமயம் வார்த்தையோடு வரும். திடீரென்று அழுவார், பக்கவாதத்துக்குப் பிறகு அழுகை அடக்க முடியாமல் போவது உண்டு. பதறி எழுந்துவிடாமல் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

பூனா பாகர்வடியை அவர் வாயில் ஊட்டிவிடாதீர்கள். சிலருக்கு விழுங்குவதில் சிரமம் நீடிக்கும், கரகரப்பான பண்டம் மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. என்ன தரலாம் என்று அவர் மனைவியைக் கேட்டுச் செய்யுங்கள்.

முதல் தடவை அரை மணி நேரம் போதும், சொல் தேடுவது அவருக்கு மூட்டை தூக்குவது போன்ற வேலை. அதனால்தான் இரண்டு இரவு தங்கச் சொன்னேன். இரவுக்கு விடுதி போட்டுக்கொள்ளுங்கள், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மனுஷி ஒன்றரை வருடமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார். இரண்டாம் நாள் காலையில் நீங்கள் இருவரும் அவரோடு இருந்துகொண்டு, அந்த அம்மாவை இரண்டு மணி நேரம் வெளியே அனுப்புங்கள். பேங்க்கோ கோயிலோ, எங்கேயும் போகாமல் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தூக்கமோ. நீங்கள் கொண்டுபோகும் எந்தப் பண்டத்தையும்விட அவருக்கு அதுதான் பெரிது. சமையலறையில் தனியாக இருக்கும்போது "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேளுங்கள். இத்தனை நாளும் எல்லோரும் அவரிடம் "அவர் எப்படி இருக்கிறார்" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரரை வற்புறுத்த வேண்டாம். இந்தப் பகுதியை மட்டும் படிக்கக் கொடுங்கள். "என்ன பேசுவது" என்பதற்கு வழி தெரிந்துவிட்டால் பைபாஸ் பேச்சு தானாகவே குறையும் என்று நம்புகிறேன். அந்த வீட்டை விட்டு வந்த மறுநாள்தான் உங்கள் முறை ஓட்டுவதற்கு என்று வைத்ததும் அதற்காகத்தான். அன்று அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் வரட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் உங்கள் பூனா மருத்துவரிடம் இருவரும் ஒரு தடவை போய், மூன்று மாதச் சர்க்கரை அளவு, பிரஷர், பாதம் எல்லாம் பார்த்து, பயண நாட்களில் மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

கடைசி நாள் மதுரையிலிருந்து 160 கிலோமீட்டர்தான். சாத்தூர், கோவில்பட்டி என்று ஊர்ப் பெயர்கள் வர வர அவர் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும், 33 வருடமாக லீவுக்கு வந்து வந்து திரும்பிய சாலை. கயத்தாறில் ஒரு முறை நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கி நடந்து, முட்டியை நீட்டி மடக்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வீட்டில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு உலை வைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.